வடலூர் அடுப்பும் கடலூர்ச் சிறையும்

கடலூரிலிருந்து விருத்தாசலத்துக்குப் போகும் சாலையும், சென்னையிலிருந்து பண்ணுருட்டி வழியாகக் கும்பகோணத்துக்கு இறங்கும் சாலையும் குறுக்கிட்டுக்கொள்ளும் இடத்தில் வடலூர் இருக்கிறது. மேற்கே சில கிலோமீட்டர் தொலைவில் நெய்வேலியின் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களும், கிழக்கே குறிஞ்சிப்பாடியின் தறி வீடுகளும், தெற்கே சேத்தியாத்தோப்பைத் தாண்டினால் வீராணம் ஏரியின் நீரில் விளையும் வயல்களும் இருக்க, நடுவே ஊருக்குள் வீடுகளும் கடைகளும் நெருங்கிய இக்காலத்திலும் கட்டடமில்லாத ஒரு பெரிய திடல் விரிந்து கிடக்கிறது. பெருவெளி என்று வழங்கும் அத்திடலின் ஓரத்தில் எண்கோண வடிவில் சத்திய ஞான சபையும், அதற்கு அருகில் சத்திய தருமச் சாலையும் அமைந்துள்ளன. தைப்பூசத்தன்று ஏழு திரைகளை விலக்கிக் காட்டப்படும் சோதியைக் காண இலட்சக்கணக்கானோர் கூடுவதால், வடலூரை ஒரு வழிபாட்டுத் தலமாக மட்டும் அறிந்திருப்போர் பலர். ஆனால் இங்கிருந்து கிழக்கே கடலூருக்கும் தென்கிழக்கே சிதம்பரத்துக்கும் செல்லும் இரண்டு சாலைகளில், அறக்கொடைக்கும் அச்சுரிமைக்கும் மனிதர் உரிமைக்கும் இடையிலான உறவு கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் எப்படியெல்லாம் முடிச்சிட்டுக்கொண்டது என்பதை, வேறெங்கும் காண்பதைவிடத் தெளிவாகக் காண முடிகிறது.

அறக்கட்டளை என்னும் சொல்லுக்குச் சட்ட நூல்களில் நீண்ட வரையறை உண்டு. சுருங்கச் சொன்னால், ஒரு சொத்தையோ அதன் வருவாயையோ பொதுநோக்கம் ஒன்றுக்கென்று உரிமையாளர் தம் கையிலிருந்து நிலையாக விட்டுக்கொடுக்கும் ஏற்பாடு அது. கோயில்களில் ஒரு நாள் பூசைக்கோ ஒரு விளக்குக்கோ நிலம் எழுதிவைப்பதைக் கட்டளை என்று சொல்லும் பழைய வழக்கிலிருந்தே இச்சொல் வளர்ந்தது. வடலூரில் அத்தகைய கட்டளை ஒரு விளக்குக்காக அல்லாமல் ஓர் அடுப்புக்காக எழுதப்பட்டது. 1823ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் சிதம்பரத்தை அடுத்த மருதூரில் பிறந்து, சென்னையில் வளர்ந்து, பின்னர் வடலூருக்கு அண்மையிலுள்ள கருங்குழியில் தங்கியிருந்த இராமலிங்க அடிகள், பசித்தவர்க்குச் சோறிட ஒரு சாலை வேண்டும் என்று கேட்டபோது, பார்வதிபுரம் என்று அப்போது வழங்கிய இவ்வூரின் மக்கள் சுமார் 80 காணி நிலத்தைத் தானமாக எழுதிக்கொடுத்தனர். காணி என்பது ஏறத்தாழ ஒன்றேகால் ஏக்கருக்குச் சற்று மிகுந்த பழைய நில அளவை. ஆகவே கொடை நூறு ஏக்கரைத் தாண்டியது. கொடுத்தவர்கள் அரசரோ ஜமீன்தாரோ அல்லர், நிலத்தை உழுது வாழ்ந்த குடிகள் என்பதை இவ்விடத்தில் அழுத்திச் சொல்ல வேண்டும்.

1867ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் தருமச் சாலை தொடங்கப்பட்டது. அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை என்பது இங்குள்ளோரின் பெருமை. 21 அடி நீளமுள்ள அந்த அடுப்பின் முன் நின்று பார்ப்போருக்கு முதலில் தெரிவது வெப்பமும் புகையும் அண்டாக்களின் அளவும்தான். பந்தியில் அமர்பவரிடம் சாதியோ சமயமோ ஊரோ கேட்பதில்லை. சாலை தொடங்கிய நாளில் வாசிக்கப்பட்ட சீவகாருண்ய ஒழுக்கம் என்னும் உரைநடை நூலில், சீவகாருண்யம், அதாவது உயிர்களின் துன்பம் கண்டு உருகித் துணைசெய்தல், கடவுளை அடையும் வழிகளுள் ஒன்றாக மட்டும் அல்லாமல் அந்த வழியாகவே வைக்கப்பட்டிருக்கிறது. பசி வந்தால் உடல் மட்டும் வாடுவதில்லை, அறிவும் நினைவும் மங்குகின்றன என்று அந்நூல் விரித்துரைக்கிறது. பசித்தவருக்குப் பேச்சு இல்லை, தம் நிலையை எடுத்துரைக்கும் ஆற்றலும் இல்லை என்பது இதிலிருந்து பெறப்படும் முடிவு. பசி முதலில் பறிப்பது குரலைத்தான் என்று இதனை வேறு சொற்களில் சொல்லலாம்.

தருமச் சாலை தோன்றிப் பத்தாண்டுகளுக்குள் சென்னை மாகாணம் தன் வரலாற்றின் மிகக் கொடிய பஞ்சத்தைச் சந்தித்தது. தாது வருடப் பஞ்சம் என்று மக்கள் நினைவில் நிற்கும் 1876 முதல் 1878 வரையிலான அந்தப் பஞ்சத்தின்போது, செலவைக் குறைக்க வேண்டும் என்ற அரசின் பிடிவாதத்துக்கு எதிராக நின்றவர்களுள் ஒருவர் 'மெட்ராஸ் டைம்ஸ்' இதழின் ஆசிரியராக இருந்த வில்லியம் டிக்பி. அவர் நிவாரண நிதி ஒன்றைத் திரட்டும் பணியில் செயலாளராக உழைத்ததோடு, 1878இல் அப்பஞ்சத்தின் வரலாற்றை இரு தொகுதிகளாக எழுதியும் வைத்தார். அதே 1878ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், லிட்டன் பிரபுவின் ஆட்சி, இந்திய மொழிகளில் வரும் இதழ்களுக்கு வாய்ப்பூட்டுப் போடும் சட்டத்தை இயற்றியது. பட்டினிச் சாவும் பத்திரிகைத் தடையும் ஒரே ஆட்சியின் ஒரே காலத்துச் செயல்களாக அமைந்தது தற்செயலாக இருக்க முடியாது. பின்னாளில் அமர்த்திய சென், சுதந்திரமான பத்திரிகைகளும் தேர்தலும் உள்ள நாட்டில் பெரும்பஞ்சம் ஏற்பட்டதில்லை என்று வாதிட்டபோது, 1943ஆம் ஆண்டு வங்காளப் பஞ்சத்தைத் தம் சிறு வயதில் நேரில் கண்ட அனுபவம் அவருக்குப் பின்னே இருந்தது; அந்தப் பஞ்சத்தின் படங்களை 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழ் தணிக்கைச் சூழலையும் மீறி வெளியிட்ட பிறகே உலகின் கவனம் கல்கத்தாவின் பக்கம் திரும்பியது. வடலூரின் அடுப்பு ஒரு வேளைப் பசியை ஆற்றுகிறது. பசி எங்கே இருக்கிறது என்று உரக்கச் சொல்ல முடிந்த இதழ், பசி பஞ்சமாக முற்றாமல் தடுக்கிறது. இரண்டையும் ஒரே அறத்தின் இரு கைகளாகக் கொள்வதில் பிழையில்லை.

இராமலிங்கரை அடுப்போடும் சோதியோடும் இணைத்துப் பார்ப்பவர்கள் அச்சு எழுத்தோடு இணைத்துப் பார்ப்பது குறைவு. ஆனால் அவர் 1851இல் ஒழிவிலொடுக்கத்தையும், 1855இல் தொண்டமண்டல சதகத்தையும், 1857இல் சின்மய தீபிகையையும் பதிப்பித்தவர். 1854இல் மனுமுறை கண்ட வாசகம் என்ற உரைநடை நூலை எழுதி வெளியிட்டவர். கன்றை இழந்த பசுவின் முறையீட்டுக்காகத் தன் மகனையே தண்டித்த சோழனின் கதையைச் சொல்லும் அந்நூல், ஆள்வோனும் சட்டத்துக்கு உட்பட்டவனே என்னும் கருத்தை மாணவரும் படிக்கக்கூடிய தமிழில் சொன்னது. 'சன்மார்க்க விவேக விருத்தி' என்ற பெயரில் மாத இதழ் ஒன்றைத் தொடங்கவும் அவர் சூழலில் முயற்சி நடந்தது. அதற்குக் கையொப்பம் திரட்டப்பட்டது. கையொப்பம் என்பது அக்காலப் பதிப்புலகில் நூலோ இதழோ வெளிவரும் முன்பே வாசகர் தம் பெயரையும் தொகையையும் எழுதிக்கொடுக்கும் முறை. அதுவே பெரும்பாலான தமிழ் நூல்களுக்கு முதலீடாக அமைந்தது.

அவருடைய பாடல்கள் நூலான வரலாறு இன்னும் கூர்ந்து நோக்கத் தக்கது. பாடல்களைத் தொகுத்து அச்சிட அவர் எளிதில் இசையவில்லை. அன்பர்களுள் ஒருவராகிய இறுக்கம் இரத்தின முதலியார், ஏடுகள் கைக்கு வரும்வரை நாளுக்கு ஒரு வேளை மட்டுமே உண்பதென்று உறுதி பூண்டார் என்பதும், அதைக் கேட்டு வருந்திய இராமலிங்கர் அவ்வாறு செய்யலாகாது என்று கடிதம் எழுதிப் பின்னர் இசைந்தார் என்பதும் கடிதங்களால் தெரியவருகின்றன. பசியாற்றுதலையே வாழ்வாகக் கொண்டவரிடமிருந்து பாடல்களைப் பெற ஒருவர் பசியையே பிணையாக வைத்தது எத்தனை நுட்பமான செயல்! தம் பெயரோடு சாமி என்று சேர்த்து அச்சிட வேண்டாம், அது ஆரவாரமாகத் தோன்றுகிறது என்றும் அவர் அக்கடிதங்களில் கேட்டுக்கொண்டார். முடிவில் தொழுவூர் வேலாயுத முதலியாரின் பதிப்பாக, திருவருட்பாவின் முதல் நான்கு திருமுறைகள் 1867ஆம் ஆண்டில், தருமச் சாலை தோன்றிய அதே ஆண்டில், சென்னையில் அச்சாகி வெளிவந்தன. காகிதத்துக்கும் அச்சுக்கும் ஆன செலவை அன்பர்கள் ஏற்றனர். சடங்கையும் சாதியையும் கடுமையாக மறுக்கும் பாடல்கள் மிகுந்த ஆறாம் திருமுறையோ, அவர் 1874 ஜனவரி 30ஆம் நாள் மேட்டுக்குப்பம் சித்திவளாகத்தின் அறைக்குள் புகுந்து மறைந்த பிறகு, 1885இல்தான் அச்சேறியது. எதிர்ப்புக்கு அஞ்சியே அப்பகுதி நெடுங்காலம் நிறுத்திவைக்கப்பட்டது என்ற கருத்து ஆய்வாளரிடையே உண்டு. அச்சகத்தின் வாசல் வரை போய் நிற்கும் தயக்கமும் ஒருவகைத் தணிக்கையே.

வடலூரிலிருந்து கிழக்கே குறிஞ்சிப்பாடி வழியாகச் சுமார் 35 கிலோமீட்டர் சென்றால் கடலூர். கெடிலம் ஆற்றின் கரையில் பழைய நகரமும் புதிய நகரமும் என இரண்டாகக் கிடக்கும் இந்த ஊரில், ஆட்சியர் அலுவலகமும் நீதிமன்றங்களும் நீண்ட காலமாக மஞ்சக்குப்பத்தில் இருந்துவந்தன. பழைய தென்னார்க்காடு மாவட்டத்தின் தலைமையிடமாகிய இந்த மஞ்சக்குப்பத்து நீதிமன்றத்தில்தான் 1869இல் அருட்பா மருட்பா வழக்கு என்று தமிழுலகில் பேர்பெற்ற வழக்கு நடந்தது. இராமலிங்கரின் பாடல்களுக்குத் திருமுறை என்ற பெயர் சூட்டியதையும், அவரைத் தெய்வநிலைக்கு உயர்த்திப் பதிப்பாசிரியர் எழுதியதையும் யாழ்ப்பாணம் ஆறுமுக நாவலர் கடுமையாகக் கண்டித்தார். 'போலியருட்பா மறுப்பு' என்ற துண்டு நூல் வெளிவந்தது. அதற்கு மறுப்பும், மறுப்புக்கு மறுப்புமாக அச்சகங்கள் ஓயாமல் இயங்கின. நீதிமன்றத்துக்கு வந்தது பாடல்களின் தகுதி பற்றிய கேள்வி அன்று. சிதம்பரம் கோயிலில் நடந்த கூட்டமொன்றில் தம்மை இழிவுபடுத்திப் பேசினர் என்று நாவலர் கொடுத்த முறையீடே அங்கு விசாரிக்கப்பட்டது. இராமலிங்கர் மன்றத்துக்குள் வந்தபோது எதிராளி உட்பட எல்லோரும் எழுந்து நின்றனர் என்ற செவிவழிச் செய்தி இன்றும் வடலூர்ப் பக்கத்தில் சொல்லப்படுகிறது. அதன் மெய்ப்பொய்யைவிட முதன்மையானது வேறொன்று: ஒரு பாடல் அருளா மருளா என்பதை எந்த நீதிமன்றமும் தீர்க்கவில்லை, தீர்க்கவும் கூடாது. அந்த விவாதம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைமலையடிகளும் நா. கதிரைவேற்பிள்ளையும் எதிரெதிர் மேடைகளில் நிற்கும் வரை நீண்டது. எழுத்துக்கு எழுத்தால் விடை சொல்லும் வழக்கம் தமிழில் வேர்பிடித்ததற்கு இந்தச் சச்சரவும் ஒரு காரணம் என்பதால், அதன் கசப்பையும் மீறி அதை மதிக்க வேண்டியுள்ளது.

அதே கடலூரில் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கழித்து நடந்தது வேறு வகையானது; அதன் தொடக்கம் சற்று முந்தியது. சுப்பிரமணிய பாரதி ஆசிரியராக எழுதிவந்த 'இந்தியா' வார இதழின்மீது 1908இல் அரசு நடவடிக்கை எடுத்தபோது, பதிவேட்டில் பொறுப்பாளராகப் பெயர் இருந்த சீனிவாசன் ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். பாரதி பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குப் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து இதழைத் தொடர்ந்து நடத்தினார். 1910இல் வந்த பத்திரிகைச் சட்டம் அச்சக உரிமையாளரிடம் முன்பணம் கேட்டது. புதிதாக அச்சகம் தொடங்குவோர் 500 ரூபாய் முதல் 2,000 ரூபாய் வரை ஈடு கட்ட வேண்டும், அரசுக்குப் பிடிக்காத ஒன்றை அச்சிட்டால் அந்த ஈடு பறிபோகும், மீண்டும் தொடங்க விரும்பினால் 10,000 ரூபாய் வரை கட்ட நேரும் என்பது அதன் சாரம். எழுத்தாளனைச் சிறையில் அடைப்பதைவிட அச்சிடுபவனின் பணப்பையில் கைவைப்பது எளிது என்பதை ஆட்சியாளர் அப்போதே கண்டுகொண்டனர். புதுச்சேரியிலிருந்து வந்த இதழ்கள் எல்லையில் தடுக்கப்பட்டன. 1911இல் பாரதியின் 'கனவு', 'ஆறில் ஒரு பங்கு' ஆகிய நூல்கள் தடைசெய்யப்பட்டன. வாசகரைச் சென்றடையாத இதழ் வருவாயின்றி நின்றது.

பத்தாண்டு அடைக்கலத்துக்குப் பின், 1918 நவம்பர் 20ஆம் நாள் பாரதி பிரெஞ்சு எல்லையைக் கடந்து பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் நுழைந்ததும் கடலூருக்கு அருகே கைதுசெய்யப்பட்டு, கடலூர்ச் சிறையில் அடைக்கப்பட்டார். டிசம்பர் 11ஆம் நாள் அவருக்கு 36 வயது நிறைந்தது அச்சிறைக்குள்ளேதான். 'சுதேசமித்திரன்' ஆசிரியர் அ. ரங்கசாமி ஐயங்கார், அன்னி பெசன்ட், சி.பி. ராமசாமி ஐயர் ஆகியோர் எடுத்த முயற்சிகளால் டிசம்பர் 14ஆம் நாள் அவர் விடுவிக்கப்பட்டார். ஆனால் அரசியலில் ஈடுபடக் கூடாது என்றும், எழுதுவது எதையும் அச்சிடுமுன் குற்றப் புலனாய்வுத் துறையின் உயரதிகாரியிடம் காட்டி ஒப்புதல் பெற வேண்டும் என்றும் நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. வெளிவந்த பிறகு தண்டிப்பதற்கு மாறாக வெளிவரும் முன்பே தடுக்கும் இம்முறைக்கு முன்தணிக்கை என்று பெயர். தண்டனைக்கு அஞ்சாதவரையும் முன்தணிக்கை முடக்கிவிடும். ஏனெனில் அங்கே எழுத்து பிறக்கும் முன்பே அதிகாரியின் முகம் எழுதுபவரின் கண்முன் வந்து நிற்கிறது.

நிபந்தனைகள் நீங்கிய 1920இல் பாரதி கடையத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். தம் எழுத்துகளை 40 நூல்களாக, ஒவ்வொன்றிலும் 10,000 படிகள் அச்சிடத் திட்டம். அதற்காக நண்பர்கள் ஒவ்வொருவரும் குறைந்தது 100 ரூபாயாவது கடனாகத் தர வேண்டும், வட்டியுடன் திருப்பித் தரப்படும் என்பது வேண்டுகோள். அத்திட்டம் நிறைவேறவில்லை. மறு ஆண்டு செப்டம்பரில் அவர் இறந்தார். இராமலிங்கருக்கு நாளுக்கு ஒரு வேளை மட்டுமே உண்டு காத்திருந்த இரத்தின முதலியார் கிடைத்தார். பாரதிக்கு நூறு ரூபாய் கடன் கொடுக்க நூறு பேர் கிடைக்கவில்லை. இதனைப் பாரதியின் தனிப்பட்ட துன்பமாகச் சுருக்கிவிடுவது தவறு. எழுதும் உரிமை சட்டத்தால் மறுக்கப்படுவதை நாம் எளிதில் காண்கிறோம். அது காகிதச் செலவால் மறுக்கப்படும்போது அதை வறுமை என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம்.

ஊடக உரிமைக்கான அறக்கட்டளைகள் என்று இன்று உலகெங்கும் இயங்குபவை இந்த இரண்டாவது இடைவெளியில்தான் வேலை செய்கின்றன. நியூயார்க்கில் 1981இல் தோன்றிய பத்திரிகையாளர் பாதுகாப்புக் குழுவும், பிரான்சில் 1985இல் தோன்றிய எல்லைகளற்ற செய்தியாளர்கள் அமைப்பும் கண்டன அறிக்கை விடுவதோடு நிற்பதில்லை. கைதானவருக்கு வழக்குரைஞர், நாடு விட்டு ஓடியவருக்குத் தங்குமிடம், காயப்பட்டவருக்கு மருத்துவம் ஆகியவற்றுக்கான உதவியையும் தருகின்றன. 1918இல் கடலூர்ச் சிறைவாசல் வரை வந்த நண்பர்களின் முயற்சியைத்தான் இவை நிலையான ஏற்பாடாக மாற்றியிருக்கின்றன. ஆனால் இந்தியாவில் இந்த உதவிக்கு ஓர் எல்லை உண்டு. 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டம், செய்தித்தாளின் ஆசிரியர், உரிமையாளர், அச்சிடுவோர், பத்தி எழுதுவோர், கேலிச்சித்திரக்காரர் ஆகியோரும், ஒலி ஒளி வடிவில் செய்தி தயாரிக்கும் நிறுவனங்களும் வெளிநாட்டுக் கொடை பெறுவதைத் தடைசெய்கிறது. அயல்நாட்டுப் பணம் உள்நாட்டுக் கருத்தை விலைக்கு வாங்கிவிடும் என்ற அச்சத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. அப்படியானால் உள்நாட்டுக் கொடை தடையின்றி வளர வேண்டும். அந்த நோக்கத்தோடு 2015இல் பெங்களூரில் உருவான சுதந்திர, பொதுநல ஊடக அறக்கட்டளை, விளம்பரத்தை நம்பியிராத இணைய இதழ்கள் பலவற்றுக்கு இந்தியச் செல்வந்தர்களின் கொடையைக் கொண்டுசேர்த்தது. 2022 செப்டம்பரில் அதன் அலுவலகத்தில் வருமானவரித் துறை ஆய்வு நடத்தியது. ஆக்ஸ்ஃபாம் இந்தியாவும் கொள்கை ஆராய்ச்சி மையமும் அதே நாளில் அதே ஆய்வுக்கு உட்பட்டன. மனித உரிமை மீறல்களை ஆவணப்படுத்தும் பணியை 1995 முதல் மதுரையிலிருந்து செய்துவரும் மக்கள் கண்காணிப்பகத்தின் வெளிநாட்டு நிதி உரிமம் 2016இல் புதுப்பிக்கப்படாமல் போனது. 1910ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஈட்டுத் தொகையை நினைவில் வைத்துக்கொண்டு இவற்றைப் படிப்போருக்கு, கைவைக்கப்படும் இடம் மாறவில்லை என்பது புலப்படும்.

நீதிமன்றங்கள் இதில் துணைநின்ற தருணங்களும் உண்டு. அவற்றுள் இரண்டு தமிழ்நாட்டு மண்ணிலிருந்து எழுந்தவை. பம்பாயிலிருந்து வெளிவந்த 'கிராஸ் ரோட்ஸ்' இதழைச் சென்னை மாகாண அரசு தடைசெய்ததை எதிர்த்து ரொமேஷ் தாப்பர் தொடுத்த வழக்கில், 1950 மே மாதம் உச்ச நீதிமன்றம் அத்தடையை நீக்கியது; இதழைப் பரப்பும் உரிமை இல்லாமல் வெளியிடும் உரிமைக்குப் பொருளில்லை என்பது அத்தீர்ப்பின் அடிப்படை. புதுச்சேரி எல்லையில் தடுக்கப்பட்ட 'இந்தியா' இதழுக்குக் கிடைக்காத நீதி அது. அடுத்து 1994இல், சிறைக்கைதி ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை 'நக்கீரன்' இதழ் வெளியிடுவதைத் தடுக்க அதிகாரிகள் முயன்றபோது, அரசுக்கோ அதிகாரிகளுக்கோ இழிவு நேரும் என்று சொல்லி வெளிவரும் முன்பே ஒரு படைப்பைத் தடுக்கும் அதிகாரம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் கூறியது. 1918 டிசம்பரில் கடலூர்ச் சிறையின் வாயிலில் பாரதிமீது சுமத்தப்பட்ட நிபந்தனைக்கு, 76 ஆண்டுகள் கழித்து ஒரு தமிழ் இதழின் பெயரில் மறுமொழி கிடைத்தது.

சட்டத்தின் சொற்கள் ஊர்ப்புறத்துக்கு வந்துசேர எவ்வளவு காலமாகிறது என்பதற்கும் இம்மாவட்டமே சான்று. விருத்தாசலத்தை அடுத்த கம்மாபுரம் காவல் நிலையத்தில், 1993இல் விசாரணைக்கென்று கொண்டுசெல்லப்பட்ட பழங்குடி உழைப்பாளி ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். உடல் மறைக்கப்பட்டு, அவர் தப்பியோடிவிட்டதாகக் கணக்கெழுதப்பட்டது. காணாமற்போனவரை நீதிமன்றத்தின் முன் கொண்டுவந்து நிறுத்துமாறு கேட்கும் ஆட்கொணர்வு மனுவை அவர் மனைவி தாக்கல் செய்ய, அவருக்காக வாதாடியவர் பின்னாளில் நீதிபதியான கே. சந்துரு. கட்டணம் வாங்காத வழக்குரைஞரும், ஊரிலேயே துணைநின்ற இயக்கத்தாரும் இல்லாவிட்டால் அந்தப் பெண்ணின் குரல் காவல் நிலைய வாசலைத் தாண்டியிருக்காது. 2021இல் 'ஜெய் பீம்' திரைப்படமாக அது வெளிவந்த பிறகே தமிழ்நாட்டின் பெரும்பாலோர் அவ்வூரின் பெயரைக் கேள்விப்பட்டனர். இடைப்பட்ட 28 ஆண்டுகளில் இதழ்களின் பக்கங்களில் அச்செய்திக்கு எத்தனை அங்குலம் கிடைத்தது என்ற கேள்வி எழுகிறது. ஊடக உரிமை என்பது ஆசிரியரின் உரிமை மட்டும் அன்று, எழுதப்பட வேண்டியவர்களின் உரிமையும்தான்.

வடலூரிலிருந்து சேத்தியாத்தோப்பு, புவனகிரி வழியாகச் சிதம்பரம் செல்லும் சாலை வெள்ளாற்றுப் பாசனத்தின் பசுமைக்கு நடுவே போகிறது. வடலூருக்கு இராமலிங்கர் உத்தரஞான சிதம்பரம், அதாவது வடக்கிலுள்ள ஞான சிதம்பரம், என்று பெயரிட்டதன் பொருள் சிதம்பரத்தில் வந்து நிற்கும்போது இன்னும் தெளிவாகிறது. கோயிலின் சிற்றம்பல மேடையில் தேவாரம் பாடும் உரிமைக்காக முதியவரான ஓதுவார் ஒருவரால் பல ஆண்டுகள் போராடி, 2008 மார்ச் மாதத்தில் காவல்துறையின் பாதுகாப்போடுதான் அங்கு ஏறிப் பாட முடிந்தது. எந்த மொழியில், யார், எங்கே நின்று ஓசை எழுப்பலாம் என்பதும் கருத்துரிமையின் கேள்வியே. நந்தனாரின் பெயரை ஏற்று, தாழ்த்தப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்காக 1916இல் இந்நகரில் பள்ளி தொடங்கிய சுவாமி சகஜானந்தர், கோயில் வாசலில் மறுக்கப்பட்டதைப் பள்ளி வாசலில் கொடுத்தார். படிக்கத் தெரியாதவருக்கு அச்சுரிமையால் என்ன பயன் என்று கேட்போருக்கு அப்பள்ளியே விடை. பின்னர் அவர் சட்டமன்ற உறுப்பினராகவும் நெடுங்காலம் பணியாற்றினார்.

நாவலர் 1864இல் நிறுவிய சைவப்பிரகாச வித்தியாசாலையும் இந்நகரில்தான் எழுந்தது. வடலூரில் அவர் பெயரைச் சினத்தோடு சொல்வோர் இன்றும் உண்டு. ஆயினும் அவருடைய வாழ்வின் மறுபக்கத்தை அறிந்தால் அச்சினம் தணியும். யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் 1849இல் சொந்த அச்சகம் நிறுவித் தமிழ் நூல்களைப் பிழையின்றி வெளியிட்ட அவர், 1877ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் கஞ்சித்தொட்டித் தருமம் என்ற பெயரில் பசித்தவருக்குக் கஞ்சி வார்க்க ஏற்பாடு செய்தார். நிவாரணத்தில் அரசாங்க அதிபர் துவைனம் காட்டிய அலட்சியத்தை இதழ்களில் பெயர் சொல்லிக் கண்டித்தும் எழுதினார். நீதிமன்றத்தில் எதிரெதிரே நின்றதாகப் பேசப்படும் இருவரும் அச்சகத்தையும் அடுப்பையும் ஒருங்கே பேணியவர்கள். நாவலரின் அதே யாழ்ப்பாணத்தில் 2000 அக்டோபரில் செய்தியாளர் மயில்வாகனம் நிமலராஜன் தம் வீட்டுக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டதையும், 2006 மே 2ஆம் நாள் 'உதயன்' நாளிதழ் அலுவலகத்துக்குள் புகுந்தவர்களால் ஊழியர் இருவர் கொல்லப்பட்டதையும் எண்ணும்போது, அவர் ஊன்றிய அச்சுமரபு எத்தனை இரத்தத்தைக் கடந்து நிற்கிறது என்பது விளங்கும்.

கொடை கொடுத்தவருக்கும் குரல் உண்டா என்ற கேள்வி வடலூரிலேயே அண்மையில் எழுந்தது. வள்ளலார் என்று வழங்கும் இராமலிங்கரின் பெயரில் பன்னாட்டு மையம் ஒன்றைப் பெருவெளியில் கட்டுவதற்கு 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு அடிக்கல் நாட்டியபோது, வானம் பார்க்கத் திறந்து கிடக்க வேண்டிய வெளியில் கட்டடம் கூடாது என்று பார்வதிபுரம் மக்களும் அவருடைய சன்மார்க்க நெறியைப் பின்பற்றும் அன்பர்கள் பலரும் எதிர்த்தனர். வழக்கு உயர் நீதிமன்றம் சென்றது. நூறு கோடி ரூபாய் அளவிலான திட்டத்தை அரசு நல்லெண்ணத்தோடு கொண்டுவந்திருக்கலாம். என்றாலும், நிலத்தை எழுதிக்கொடுத்த முன்னோர் எந்தப் பொருளில் கொடுத்தனர் என்று பேரன்மார் கேட்டதும், அக்கேள்வியை இதழ்கள் அச்சிட்டதும் அந்தக் கொடையின் தொடர்ச்சியே.

சிதம்பரத்திலிருந்து புவனகிரிப் பாதையில் திரும்பும்போது, வழியில் மருதூருக்குப் பிரியும் கிளைச்சாலை வருகிறது. இராமலிங்கர் பிறந்த வீட்டைக் காண வருவோர் அதில் திரும்பிச் சென்று, மீண்டும் முதன்மைச் சாலைக்கு வந்து சேர்கின்றனர். வடலூரை அடையும்போது இருட்டிவிடுகிறது. தருமச் சாலையில் இரவுப் பந்திக்கு இலை போட்டிருக்கிறார்கள். சுரங்க வேலை முடிந்து வந்தவர்கள், ஊர் சுற்றும் துறவிகள், பேருந்தைத் தவறவிட்ட குடும்பம் ஒன்று, பள்ளிப் பையோடு ஒரு சிறுவன் என வரிசை நீள்கிறது. பரிமாறுபவர் ஒவ்வோர் இலையின் முன்பும் குனிந்து சோற்றை வைத்துவிட்டு, யாரையும் எதுவும் கேட்காமல் அடுத்த இலைக்கு நகர்கிறார்.